தாம்பாளம் பிடித்தவனின் விசாரணை

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். வசந்தி என்று ஓர் இளம் குமாஸ்தா, ஒரு கையில் கறிபாப்பும் மறு கையில் சிரப் தண்ணீருமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மிக்கேல் அண்ணே, முன்ன நீங்க ஒழுங்கு விசாரணையில மொழிபெயர்ப்பாளரா இருந்தீங்களாமே? இப்ப அந்த வேலையே இல்லைன்னு சொல்றாங்க. ஒரு கதை சொல்லிட்டுப் போங்க லா" என்றாள். என் வாய் நிறையக் கறிபாப் இருந்தது. அதையே சாக்காக வைத்துத் தலையை ஆட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் கணவன் மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரன் அடித்தான். அவள் போய்விட்டாள்.

எனக்கு ஹாரன் அடிக்க யாரும் இல்லை. புந்தோங்கில் இருக்கும் வாடகை வீட்டுக்குப் பஸ் பிடித்து வந்து, பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை மேசையில் வைத்தேன். ஆணி அடிக்க மனமில்லை. அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வந்தது உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை, அது ஒரு வசதி.

நான் ஈப்போக்காரன். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாங்கள் கத்தோலிக்கர்கள். தோட்டத்து வாழ்க்கை எனக்குப் பழக்கமில்லை. ரப்பர் மரத்தைப் பஸ் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பள்ளி முடித்து, மலாய்த் தேர்விலும் தேறி, கொஞ்ச நாள் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்புப் பழகி, அங்கே நிரந்தர இடம் கிடைக்காமல் ஓர் அரசாங்கக் கல்லூரிக்கு எழுத்தராக வந்து சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். சுண்ணாம்புக் குன்று ஒன்று பின்னால் தெரியும், மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கும், அவ்வளவு போதும்.

நான் சேர்ந்த புதிதில் கல்லூரி ஒரு பெரிய குடும்பம் போல நடந்தது என்று சொன்னால் பொய். ஆனால் சண்டைகளைக் குடும்பம் தீர்க்கிற மாதிரிதான் தீர்த்தார்கள். பையன் தப்புச் செய்தால் விடுதி மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கத்துவார். பையன் அழுவான் அல்லது முறைப்பான். மறுநாள் இருவரும் ஒரே மேசையில் மீகோரெங் சாப்பிடுவார்கள். எழுத்து எதுவும் கிடையாது.

எழுபதுகளின் நடுவில் அரசாங்கம் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியது. கல்லூரிகளுக்கும் அதே மாதிரி விதிகள் வந்தன. மாணவர் அரசியல் கட்சியில் சேரக்கூடாது, தொழிற்சங்கத்தில் சேரக்கூடாது, சேராவிட்டாலும் ஆதரவு காட்டக்கூடாது. மாணவர் சங்கங்களின் கணக்கு வழக்கெல்லாம் நிர்வாகத்தின் கைக்குப் போயின. கூட்டம் கூட அனுமதி, வெளியாளை அழைக்க அனுமதி, சுவரில் தாள் ஒட்டவும் அனுமதி வேண்டும். எதுவாக இருந்தாலும் விண்ணப்பம், அதுவும் மலாயில், மூன்று பிரதிகள். பூப்பந்துக் குழு வலை வாங்குவதற்கு எழுதிய விண்ணப்பத்தில் 'கூட்டத்தின் நோக்கம்' என்ற இடத்தில் 'பந்தை அடிப்பது' என்று எழுதியிருந்தான் ஒரு சீனப் பையன். அதைப் பார்த்துச் சிரித்தது நான் ஒருவன்தான். மற்றவர்கள் சிரிக்கலாமா என்று யோசித்தார்கள்.

தமிழ் மாணவர்களின் தீபாவளி விருந்துக்குத் தஞ்சோங் மாலிமிலிருந்து ஓர் ஆசிரியரைப் பேச அழைத்தார்கள். அவர் என்ன பேசுவார் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்றது விதி. ஆசிரியர் கோபித்துக்கொண்டு வரவில்லை. அன்று பேச்சில்லாமல் முறுக்கு மட்டும் தின்றோம். அதுவும் நல்ல முறுக்குதான்.

இந்த விதிகளோடு ஓர் ஒழுங்கு விசாரணைக் குழுவும் வந்தது. அதன் தலைவர் எங்கள் பதிவாளர் என்சே கமால். அவருக்கு இரு பக்கமும் இரண்டு விரிவுரையாளர்கள். வழக்கறிஞருக்கு இடமில்லை. சாட்சிக்கு மலாய் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நீதிமன்றத்தில் கொஞ்ச நாள் நின்றவன் என்பதால் அந்த நாற்காலி எனக்கு வந்தது. சம்பளம் கூடவில்லை, சிநேகிதம் குறைந்தது. அதுவரை காண்டீனில் என்னை "மச்சான், இங்க வா" என்று கூப்பிட்டவர்கள், நான் தட்டோடு வந்தால் பந்தாட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தமிழ்ப் பையன்கள் எனக்கு 'கவர்மெண்டு வாய்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். வலித்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? மேசையை மாற்றிச் சன்னலோரம் தனியாக உட்காரப் பழகிக்கொண்டேன்.

என்சே கமாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர், பாகான் செராய் பக்கத்து நெல்வயல்காரரின் மகன். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. விசாரணை தொடங்கினால் முதலில் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்துவார். விசிறிச் சத்தத்தில் ஒரு சொல் தவறினாலும் பாவம் என்பார். எங்களுக்கெல்லாம் முதுகில் வியர்வை வழியும், அவர் சட்டை மட்டும் எப்படியோ காய்ந்திருக்கும். சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்பார். நான் தமிழில் சொல்லி, சாட்சி பதில் சொல்லி, நான் மலாயில் முடிக்கிறவரை பேனாவைத் தொடமாட்டார். பிறகு தம் கையாலேயே எழுதுவார். தட்டச்சுக்காரரை நம்பமாட்டார். எல்லாம் முடிந்ததும் எழுதியதை மெதுவாகப் படித்துக் காட்டி, குற்றம் சாட்டப்பட்ட மாணவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: "ஏதாவது சேர்க்க வேண்டுமா?" இதை ஒருநாளும் கேட்காமல் விட்டதில்லை. பெரும்பாலும் பையன்கள் தலையை ஆட்டி, இல்லை என்பார்கள். அவர் பேனாவை மூடுவார், விசிறி சுற்றும், நாங்கள் மூச்சு விடுவோம்.

எனக்கும் சில முறைகள் இருந்தன. சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அறைக்கு வெளியே சாட்சியோடு வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது. ஒரு தடவை ஒரு மாணவனின் மாமா, மருமகன் பிறந்த கதையிலிருந்து தொடங்கி மூச்சு விடாமல் பேசித் தீர்த்தார். நான் அத்தனையையும் மொழிபெயர்த்தேன். என்சே கமால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக, அன்று இவர் ஊரில் இல்லை, அப்படித்தானே?" என்றார். அப்படித்தான்.

இனி தனபாலன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்துப் பையன். இரண்டாம் ஆண்டு இயந்திரவியல். அந்தத் தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வெட்கப்படுகிறவன், ஆனால் கையெழுத்து நிமிர்ந்து நிற்கும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவன், திரும்பி வந்த சில நாட்களில் விசாரணை அழைப்பைக் கையில் வாங்கினான். தோட்டத்தில் நடந்த தொழிற்சங்கக் கூட்டத்தில் கலந்துகொண்டு, தொழிலாளர்களிடம் சத்தியம் வாங்கினான் என்று தோட்ட நிர்வாகம் கல்லூரிக்குத் தகவல் அனுப்பியிருந்தது. நிரூபணமானால் கல்லூரியை விட்டு நீக்கம். அப்படி நீக்கப்பட்டவனை வேறு அரசாங்கக் கல்லூரி எதுவும் சேர்த்துக்கொள்ளாது. அவனுக்கு எல்லாமே அதில்தான் இருந்தது.

சாட்சியாக அவன் அப்பா வீரய்யாவை அழைத்திருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், அந்தத் தோட்டத்தில் தொழிற்சங்கக் கிளையின் செயலாளர். விசாரணை அன்று தாழ்வாரத்தில் வெள்ளை வேட்டியும் கசங்கிய நீலச் சட்டையுமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கிட்டே வந்தார்.

"கிராணி, நீங்க தமிழுதானே? அப்பாடா! மலாய்க்காரங்க மட்டும்தான் இருப்பாங்கன்னு பயந்துகிட்டே வந்தேன். என்னா கேப்பாங்க? நான் எப்புடிச் சொன்னா புள்ளய விட்டுருவாங்க?"

தோட்டத்தில் எழுத்தர்களைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார்களாம். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஆனால் அறைக்கு வெளியே வழக்கைப் பேசக்கூடாதே. "உள்ள பேசிக்கலாம் அண்ணே" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டடி தள்ளிப் போய்த் தூணோரம் நின்றுகொண்டார். சொந்த ஊரில் சொந்த மொழிக்காரனிடம் அப்படி ஒரு பார்வை வாங்குவது சுகமான காரியமில்லை.

உள்ளே விசிறி நின்றது. என்சே கமால் தொடங்கினார்.

"அன்று நடந்தது தொழிற்சங்கக் கூட்டமா, கோயில் கூட்டமா?"

வீரய்யா யோசித்தார். "அங்க அப்புடி ரெண்டு கெடையாதுங்க. கோயில் கமிட்டியும் நாங்கதான், யூனியன் கமிட்டியும் நாங்கதான். மாரியம்மன் கோயிலு முன்னாலதான் எப்பவும் கூடுவோம். மொத திருவிழா பேசுனோம். அப்புறம் தண்ணி பேசுனோம்."

தண்ணீர் என்றால் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வரும் குழாய்த் தண்ணீர். குழாய் உடைந்து கிடந்தது, நிர்வாகம் கவனிக்கவில்லை. பெண்கள் ஓடைத் தண்ணீரைத் தூக்கி வந்து சமைத்தார்கள். குழாயைச் சரி செய்கிறவரை காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, யாரும் போவதில்லை என்று அன்று முடிவு செய்திருந்தார்கள்.

"முடிவு எப்படி எடுக்கப்பட்டது? கையைத் தூக்கினார்களா?"

"கைய எல்லாம் தூக்க மாட்டோம்ங்க. கையத் தூக்குனவன் மறுநா காலையில நைசா பெரட்டுல போய் நிப்பான். கற்பூரம்தான். தாம்பாளத்துல கற்பூரம் கொளுத்தி ஆளுக்கு ஆள் கொண்டு போவோம். அது மேல கை வச்சு, மாற மாட்டேன்னு சொல்லணும். அம்மா முன்னால சொன்ன பொறவு எவனும் மாற மாட்டான்."

நான் கிறிஸ்தவன். இப்படி ஒரு வழக்கம் இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். ஆனாலும் சொல்லுக்குச் சொல் மலாயில் சொன்னேன். "அது மேல கை வச்சு" என்றபோது என் கை தானாகவே நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

"தாம்பாளத்தைக் கொண்டு போனது யார்?"

வீரய்யா மகனைப் பார்த்தார். "அவன்தாங்க. பூச பண்ற பண்டாரத்துக்கு காய்ச்சலு, படுத்துட்டாரு. திருவிழாவுக்குக் காப்பு கட்டி விரதம் இருந்தவங்கள்ல எளவட்டம் இவன்தான். அதான் இவன எடுத்துகிட்டுப் போகச் சொன்னோம். வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல."

விரிவுரையாளர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். தாம்பாளத்தை எடுத்துப் போனதே ஆதரவுதான் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. என்சே கமால் பேனாவின் பின்பக்கத்தால் மேசையை லேசாகத் தட்டினார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அந்தத் தாம்பாளத்தை எப்படிப் பிடிக்க வேண்டும்?"

வீரய்யாவும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "இப்புடிங்க. பெருசுங்க அது. தேங்கா, பழம், வெத்தல எல்லாம் இருக்கும். ரெண்டு கையாலதான் புடிக்கணும்."

"அப்படியானால் பிடித்திருப்பவன் கற்பூரத்தின் மேல் எப்படிக் கை வைப்பான்?"

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது வீரய்யாவின் கண் பளிச்சென்றது. அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கியது. என்சே கமால் சட்டத்தின் இடுக்கில் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதைத் திறந்தது போலவே காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். கோயில் வேலையாகத் தட்டை ஏந்தினான், உறுதிமொழியில் சேரவில்லை என்றால், அது ஆதரவாகாது என்று எழுதிவிடலாம்.

"அதானேங்க!" என்றார் வீரய்யா. "அவன் எப்புடி வைப்பான்? அந்த எடத்துல கை வைக்காத ஆளு எம்மவன் ஒருத்தன்தாங்க. தட்டு புடிச்சவனுக்கு சத்தியம் கெடையாது."

நான் மலாயில் சொன்னேன்: "அந்த இடத்தில் கை வைக்காதவன் என் மகன் ஒருவன்தான்." 'என் மகன்' என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேசி முடித்த ஒரு சம்பந்தம் முறிந்த பிறகு நானும் முயலவில்லை. பிறர் வார்த்தை என்றாலும் அந்த இரண்டு சொற்களை நான் வாய் விட்டுச் சொன்னது அன்றுதான். எவ்வளவு சாதாரணமான சொற்கள்! சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

என்சே கமால் எழுதினார். எழுதியதைப் படித்தார். நான் வீரய்யாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். பிறகு வழக்கம் போல என்சே கமால் தனபாலனைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அன்று அவர் உடனே கேட்கவில்லை. மேசை மேல் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்தினார். கேட்காமலும் இருக்க முடியாது அவரால்.

"ஏதாவது சேர்க்க வேண்டுமா?"

"இருக்கிறது, துவான்" என்றான் தனபாலன். நல்ல மலாய், பள்ளிக்கூட மலாய். "எல்லாரும் வைத்த பிறகு கடைசியில் நானும் கை வைத்தேன்."

வீரய்யாவுக்குக் கடைச் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் மலாய். மகன் நன்றி சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகமாக என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். என்சே கமால் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்வோம்" என்றார். எழுந்து போய் விசிறியைப் போட்டார். அதுவரை ஒரு விசாரணையின் நடுவில் அவர் ஓய்வு விட்டதே இல்லை. பையனிடம், "வெளியே காற்றாட நில். நன்றாக யோசி" என்றார். அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை.

தாழ்வாரத்தில் தனபாலனை விடுதி மேற்பார்வையாளர் ஒரு கோடிக்கு அழைத்துப் போனார். அப்பாவும் மகனும் பேசக்கூடாது என்பது விதி. வீரய்யா நேராக என்னிடம் வந்தார். முன்பு தூணோரம் ஒதுங்கியதை மறந்துவிட்டார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நீட்டினார்.

"போடுங்க கிராணி. நல்லா சொன்னேனா? அந்த தொரை நல்ல மனுசன். என்னாமா ஒரு கேள்வி கேட்டாரு பாத்தீங்களா! கடேசியில பையன் என்னா சொன்னான்?"

"உள்ள சொல்றேன் அண்ணே."

"சும்மா சொல்லுங்க. நல்லதுதானே?"

"உள்ள சொல்றேன்."

எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. ஆனாலும் வாங்கி வாயில் போட்டேன். வாயில் ஏதாவது இருந்தால் பேசாமல் இருப்பது சுலபம். காரம் உறைத்துக் கண்ணில் நீர் வந்தது. அவர் சிரித்தார். "பழக்கமில்லையா? துப்பிருங்க, துப்பிருங்க" என்று என் முதுகைத் தட்டினார். அந்தக் கை அவ்வளவு கனமாக இருந்தது. அந்த மனிதரின் சந்தோஷத்தின் பக்கத்தில் நிற்க என்னால் முடியவில்லை. குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தேன், வேண்டுமென்றே மெதுவாக.

மறுபடி உள்ளே போனோம். விசிறி நின்றது. என்சே கமால் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டார். தனபாலன் அதே பதிலைச் சொன்னான். இந்த முறை கூடக் கொஞ்சம் பேசினான்.

"நான் கை வைத்ததை லயத்தில் எல்லாரும் பார்த்தார்கள், துவான். அப்பா இங்கே வைக்கவில்லை என்று சொன்னது நாளைக்கே அங்கே தெரிந்துவிடும். கற்பூரத்தின் மேல் பொய் சொன்னவர் என்றால் யாரும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள். கோயிலிலும் கேட்க மாட்டார்கள், யூனியனிலும் கேட்க மாட்டார்கள். அவருக்கு அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. எனக்காக அவர் அதை இழக்க வேண்டாம்."

என்சே கமால் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மொழிபெயருங்கள்."

நான் வீரய்யாவைப் பார்த்தேன். நீதிமன்றத்தில் தண்டனைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். அதெல்லாம் இவ்வளவு கடினமாக இல்லை. "எல்லாரும் வச்ச பொறகு கடைசியில நானும் கை வச்சேன்" என்று தொடங்கி, அந்தப் பையனுடைய வாயாக, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், அவருடைய முகத்துக்கு நேராகச் சொல்லி முடித்தேன். "எனக்காக அவர் அதை இழக்க வேணாம்."

வீரய்யாவின் சிரிப்பு சட்டென்று போகவில்லை. முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கி, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் போனது. "அப்புடியா சொன்னான்?" என்று என்னைக் கேட்டார். அதையும் நான் மலாயில் சொல்ல வேண்டியிருந்தது: "அப்படியா சொன்னான்?"

பிறகு அவர் மகனை ஒரு தடவை பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அட மடப் பயலே" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். அதையும் சொல்லட்டுமா என்பது போல நான் என்சே கமாலைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார், வேண்டாம்.

வீரய்யா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எழுதிக்குங்க தொரை. மொத நான் சொன்னது பொய்யி. அவன் கை வைக்கிறப்ப தட்ட வாங்கிப் புடிச்சது நான்தான். எங்கையாலதான் புடிச்சேன்."

"முதலில் நான் சொன்னது பொய்" என்றேன் மலாயில். "அவன் கை வைத்தபோது தட்டை வாங்கிப் பிடித்தது நான்தான். என் கையால்தான் பிடித்தேன்." என் கைகள் மேசைக்கு அடியில் இருந்தன.

என்சே கமால் எழுதினார். அன்று அவர் எழுதும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. முழுவதையும் படித்துக் காட்டினார். முதல் வாக்குமூலத்தைச் சாட்சி தானாகவே திருத்திக்கொண்டார், அதற்காக அவர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார். தம்மால் முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார். தனபாலன் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டான். தீர்ப்பைப் படிக்கும்போது அவர் குரல் மாறவில்லை. படித்து முடித்து எழுந்தவர் விசிறியைப் போட மறந்து, அறையை விட்டு நேராக வெளியே போய்விட்டார். நாங்கள் அந்தப் புழுக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

இன்று யோசித்தாலும் எனக்கு அவர் மேல் கோபம் வருவதில்லை. கோபப்பட வேண்டும் என்று முயன்று பார்த்திருக்கிறேன். அந்த விதியை அவர் எழுதவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார ஒப்புக்கொண்டார். நானும்தான் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகும் எண்பதுகள் முழுவதும் நாங்கள் இருவரும் அதே அறையில் எத்தனையோ பேரை விசாரித்தோம். அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு சாட்சிகள் எல்லாருமே மலாய் பேசத் தெரிந்தவர்களாக வரத் தொடங்கினார்கள். என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். தனபாலன் லூமுட் பக்கம் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்வதாக யாரோ சொன்னார்கள். உறுதியாகத் தெரியாது.

தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்பது உத்தரவு. வெளியாட்கள் விடுதிக்குள் வரவும் அனுமதி வேண்டும் என்பதால் வீரய்யா வெளி வாசலிலேயே நின்றுவிட்டார். யாராவது பையனோடு போக வேண்டுமே என்று நான் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மற்ற பையன்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். தனபாலன் ஒரு தகரப் பெட்டியையும் வரைபடப் பலகையையும் எடுத்துக்கொண்டான். அவன் பெட்டியைத் தூக்கினான், நான் பலகையைத் தூக்கினேன். அவன் முன்னால் நடந்தான். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். அடுத்தவருடைய வார்த்தைகளை அத்தனை வருஷம் சொல்லிப் பழகிய எனக்கு, சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை.

வாசலில் வீரய்யா பெட்டியை வாங்கப் போனார். "நான் தூக்கறேன்ப்பா" என்றான் பையன். "குடுறா" என்று பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். என்னிடமிருந்து பலகையை மகன் வாங்கிக்கொண்டான்.

எனக்கு ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. "அண்ணே, குழாயில தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு கிராணி, வந்துச்சு. மறுநா காலையில ஒருத்தரும் பெரட்டுக்குப் போவலல்ல? சாயந்தரமே ஆள் வந்து மாட்டிட்டுப் போயிட்டான். இப்ப லயத்துல எந்நேரமும் தண்ணி" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. அந்த நிலைமையிலும் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சாப்டீங்களா? மொகமே வாடிப் போச்சே" என்றார். என்னை விட எத்தனையோ இழந்து நிற்கிற மனுஷன் என்னைக் கேட்கிறார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அவர்கள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். "உனக்கு மூள இருக்காடா?" என்று அப்பா திட்டுவது கேட்டது. "நீங்க மட்டும் பொய் சொல்லலாமா?" என்று மகன் கேட்டான். அதற்கு அவர் ஏதோ சொன்னார், இவன் சிரித்தே விட்டான். அழுகையாகவும் இருக்கலாம், தூரத்தில் தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் அப்பா பெட்டியைத் தோள் மாற்றினார். மகன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். பேசிக்கொண்டே போனார்கள். அவர்கள் பேச்சில் மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இல்லை.

வாசல் காவலாளி, வயதான மலாய்க்காரர், தம் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் வெகுநேரமாக வெயிலில் நிற்பதைப் பார்த்திருப்பார்.

"யார் அவர்கள்? உன் சொந்தக்காரர்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "எனக்கு யாரும் இல்லை."